சங்க மண்டபத்து வெள்ளைக்காரி

எங்கள் கிராம முன்னேற்றச் சங்கத் தலைவருக்குச் சிரிப்புப் பிடிக்காது. அவர் சிரிக்காத மனிதர் என்று நான் சொல்லவில்லை. தான் சொன்ன பகிடிக்கு மற்றவர்கள் சிரித்தால் அவருக்கு வயிறு நிறையும். தான் சொல்லாத ஒன்றுக்கு, அதுவும் பெண்கள், அதுவும் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்தாமல் சிரித்தால்தான் அவரால் பொறுக்க முடியாது. அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறான் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். கோபம் இன்னும் இருக்கிறது.

நாங்கள் இரணைமடுக் குளத்துக்குக் கீழே, குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர்கள். அப்பு, எங்கள் தகப்பனார், யாழ்ப்பாணத்தில் பிறத்தியார் தோட்டங்களுக்குத் துலா மிதித்துத் தண்ணீர் இறைத்தவர். சொந்தமாக வயல் என்றதும் எங்களையும் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் வந்தார். காடு வெட்டிய முதல் வருடங்களில் மலேரியாக் காய்ச்சலில் அம்மா போய்விட்டார். அதோடு குசினி அடுப்பு அக்காவின் கைக்கு வந்தது. அவளுடைய படிப்பு ஐந்தாம் வகுப்பில் நின்றது. நான் படித்தேன். எங்கள் பரம்பரையில் ஆங்கிலத்தில் சோதனை எழுதித் தேறிய முதல் ஆள் நான். ஆங்கிலத்தின் காலம் முடிகிறது என்று கொழும்பிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். எங்கள் வீட்டில் அது அப்போதுதான் தொடங்கியிருந்தது.

படிப்பு முடிந்ததும் சங்கக்கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. கடையோடு ஒட்டியபடி சங்க மண்டபம். அரைச்சுவர், அதற்குமேல் தென்னோலைக் கிடுகு, உள்ளே வரிசையாக உட்கார நாலைந்து வாங்கு, தலைவருக்கு முதுகு சாய்க்க ஒரு கதிரை. மூலையில் மேசைமேல் அரசாங்கம் சங்கத்துக்குக் கொடுத்த றேடியோ. பெரிய பற்றறி ஒன்றில் வேலை செய்வது. ஏரியல் கம்பி கூரையிலிருந்து முன்னால் நின்ற பாலை மரத்துக்குப் போயிற்று. இன்னொரு கம்பி சுவரால் இறங்கி நிலத்துக்குள் புதைந்திருந்தது. கோடையில் அந்த இடம் காய்ந்தால் றேடியோ இரையத் தொடங்கும். கம்பியடியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் குரல் தெளியும். மண்டபப் பூட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. செய்தி, விவசாயம் சொல்லும் கமக்காரர் நிகழ்ச்சி, வெள்ளிக்கிழமைகளில் பக்திப் பாடல், இவ்வளவுக்கு மட்டும் றேடியோவைத் திறக்கலாம் என்பது தலைவர் போட்ட சட்டம்.

நான் அரசாங்க எழுதுவினைஞர் வேலைக்கான சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் ஆங்கிலம் படித்தவனுக்குக் காதில் விழும் ஆங்கிலம் வேறொரு பாஷை. அதனால் செய்தி முடிந்து ஆட்கள் கலைந்தபின் ஆங்கில ஒலிபரப்புக்குத் திருப்பி வைத்துக் கேட்பேன். புதன்கிழமைகளில் லண்டனிலிருந்து வந்த ஒரு சிரிப்பு நாடகம் அரை மணி நேரம் போகும். கடற்கரைப் பட்டணம் ஒன்றில் அறைகளை வாடகைக்கு விட்டுப் போடிங் வீடு நடத்தும் நடுவயதுப் பெண் ஒருத்திதான் அதில் எல்லாம். கணவனை அவளே வீட்டைவிட்டு அனுப்பியிருந்தாள். வீட்டில் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் ஒருவர், தன் நிழலுக்கே பயப்படும் ஒரு கிளாக்கர், அடிக்கடி புத்தி சொல்ல வரும் கணவனின் தமக்கை. கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. யாராவது வந்து அவளுக்கு ஒரு நியாயம் சொல்வார்கள். அவள் ஒரே வசனத்தில் பதில் சொல்வாள். வந்தவர் கதவு எங்கே என்று தேடுவார்.

ஆரம்பத்தில் நான் சிரிக்கவில்லை. சொற்களைப் பிடிப்பதற்கே நேரம் போதவில்லை. லண்டனில் சபையோர் முன்னால் நடித்துப் பதிந்தது அது. அந்தச் சபை சிரிக்கும்போதுதான் இது பகிடி என்று எனக்குத் தெரியும். ஒருநாள் அக்கா சாப்பிடக் கூப்பிட வந்தவள் வாசலில் நின்றாள். யார் இந்தப் பெண், ஏன் இப்படிச் சண்டை பிடிக்கிறாள் என்று கேட்டாள். பட்டாளத்துக்காரர் காலைச் சாப்பாட்டில் முட்டை சிறிதாக இருக்கிறது என்று முறைப்பட்டாராம், நீங்கள் தருகிற வாடகையைக் கோழிக்குச் சொன்னேன், அதைக் கேட்டபிறகு அதனால் இவ்வளவுதான் இட முடிந்தது என்றாளாம் என்று நான் சொன்னேன். பாடம் ஒப்புவிப்பது போலத்தான் சொன்னேன். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். திரும்பி வந்தபின் அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

திரும்பி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அக்காவை யாழ்ப்பாணத்தில் ஒரு புகையிலைத் தோட்டக்கார வீட்டில் கட்டிக் கொடுத்திருந்தோம். பேசி முடித்தவர் எங்கள் தலைவர்; மாப்பிள்ளைக்கு அவர் தாய்மாமன். அந்த வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் 'காட்டாள்'. கூலிக்கு வந்தவர்கள் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் அவளுக்குச் சோறு. மூன்று வருடம் பார்த்துவிட்டு, றங்குப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். அத்தான் ஒருநாளும் கை நீட்டியவர் அல்ல என்று தலைவர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தார். உண்மைதான். அவர் அடிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருந்தார்.

நெல் அரிவு வெட்டுக்கு முன்னர் அவளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும் என்று தலைவர் அப்புவை நெருக்கிக்கொண்டிருந்தார். அப்பு ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலைவரின் ட்ரக்டர் வராமல் எங்கள் வயல் உழுபடாது. இந்த ஒன்றை மட்டும் நினைத்துக்கொண்டு அப்பு முற்றத்தில் குந்தியிருப்பார். அக்கா போக மாட்டேன் என்று ஒருதரம் சொன்னாள்; அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டாள். அவளுக்குப் பதிலாக ஊர் கதைத்தது.

அடுத்த புதன்கிழமை நான் திறக்கப் போனபோது அக்கா ஏற்கெனவே ஒரு குடம் தண்ணீரைக் கம்பியடியில் ஊற்றிவிட்டு நின்றாள். அதற்கடுத்த கிழமை பக்கத்து வளவுப் பெண்கள் இரண்டு பேர் அவளோடு வந்தார்கள். பிறகு வாங்குகள் நிறைந்தன. நான் றேடியோவுக்குப் பக்கத்தில் நின்று, லண்டன் சிரிக்கிற இடைவெளியில் அவசரமாகத் தமிழில் சொல்வேன். முதலில் அங்கே சிரிப்பார்கள், நான் சொல்லி முடிய இங்கே சிரிப்பார்கள். அதற்குள் அங்கே அடுத்த வசனம் ஓடிக்கொண்டிருக்கும். எப்போதும் ஒரு பகிடி பின்னால் நின்றபடியே நான் ஓடினேன். கணவனின் தமக்கை வந்து, என் தம்பி உன்னை நினைத்து நித்திரை கொள்வதில்லை என்றபோது, இங்கே இருந்த காலத்தில் நித்திரையைத் தவிர அவர் வேறு என்ன கொண்டார், இப்போதாவது விழித்திருக்கட்டும் என்று அவள் சொன்னதை நான் தமிழாக்கியதும், முன்வாங்கிலிருந்த பெண் பக்கத்திலிருந்தவளின் முதுகில் அடித்து அடித்துச் சிரித்தாள். எனக்கே அன்றுதான் சிரிப்பு வந்தது. பகிடி எங்கே இருக்கிறது என்பதை லண்டன் சபையை விட அந்தப் பெண்கள்தான் எனக்குக் காட்டினார்கள்.

அந்த வெள்ளைக்காரியை நான் மதித்தேன். அவள் யாரிடமும் கத்துவதில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டே சொல்வாள். கேட்டவருக்கு வீட்டுக்குப் போகும் வழியில்தான் நோகும்.

ஆண்களுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர்கள் போகவும் இல்லை. வெளியே அரைச்சுவரில் சாய்ந்தபடி பீடி பிடித்துக்கொண்டு கேட்பார்கள். சிரிப்பு வந்தால் இருமுவார்கள். அக்கா குடத்தோடு போகும்போது ஒருவன், "தண்ணி ஊத்தித்தான் வளக்கிறியளோ அந்த வெள்ளைக்காரியை?" என்று கேட்டான்.

"ஓம்," என்றாள் அக்கா. "உங்கடை வயலுக்கு விட்டால் புல்லுத்தானே வளருது."

இது தலைவரின் காதுக்குப் போனது. அவர் கடைக்கு வந்தார். சீனி வாங்க வந்தவர் போல நின்று, ஆட்கள் போகும்வரை பொறுத்திருந்தார். பிறகு எனக்கு முன்னால் குனிந்து, தம்பி நல்ல கெட்டிக்காரன், நாளைக்கு அரசாங்கக் கந்தோரில் இருக்க வேண்டிய ஆள் என்றார். தேன் முடிந்ததும் விஷயம் வந்தது. அந்தக் கதையில் புருசனை வீட்டைவிட்டுக் கலைத்துவிட்டாள் என்று சொல்ல வேண்டாம். புருசன் செத்துப்போனான் என்று சொன்னால் போதும். விதவை ஒருத்தி பிழைப்புக்குப் போடிங் வைத்திருக்கிறாள் என்றால் யாருக்கும் குறையில்லை.

"அவ அப்பிடிச் சொல்லேல்லையே," என்றேன்.

"இஞ்சை ஆருக்கடா அது விளங்குது? உன்ரை வாய்தானே. செத்துப்போனான் எண்டு சொல்லுறதாலை உனக்கு என்ன நட்டம்?"

நான் படித்தவன். படித்தது ஒன்று, சொல்வது ஒன்று என்றால் எதற்குப் படிப்பு என்று நினைத்தேன். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் சீனியை வாங்காமல் போனார்.

வீட்டில் அக்காவிடம் இதைச் சொன்னேன். அவள் அம்மியில் அரைத்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "உனக்குப் பயமெண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இரு. அது பறவாயில்லை. மாத்தி மட்டும் சொல்லாதை," என்றாள்.

அந்த மாதச் சங்கக் கூட்டத்தில் தலைவர் எழுந்தார். முதலில் வாய்க்கால் துப்புரவு பற்றிக் கதைத்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு றேடியோவுக்கு வந்தார். அரசாங்கம் கமக்காரரின் அறிவுக்காகத் தந்த றேடியோ இது. இதில் புருசனைக் கலைத்தவளின் கூத்தை ஒலிபரப்புமா அரசாங்கம்? வெள்ளைக்காரன் சட்டம் ஒழுங்கு தெரிந்தவன். தன் வீட்டு அசிங்கத்தைக் கடல் தாண்டி அனுப்புவானா? அப்படி ஒரு கதையே இல்லை. ஆங்கிலம் தெரிந்த இவன், தமக்கைக்கு நியாயம் தேட, தானே ஒரு கதையைக் கட்டி எங்கள் பெண்டுகளின் மண்டைக்குள் ஏற்றுகிறான்.

 அவர் சொன்னதைவிட எனக்குக் கோபம் வந்தது, சபை தலையாட்டியதைப் பார்த்துத்தான். கிழமை கிழமையாகச் சுவருக்கு வெளியே நின்று கேட்டவர்களும் தலையாட்டினார்கள். லண்டன் சபை சிரித்த சத்தம் அவர்கள் காதிலும் விழுந்ததுதானே. றேடியோவும் இவன் சொல்லித்தான் சிரிக்கிறது என்று நினைத்தார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. ஆனால் அரசாங்கப் பெட்டிக்குள்ளிருந்து ஒழுங்கான கதைதான் வரும் என்று அவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்கு முன்னால் ஒரு சங்கக்கடைக் கிளாக்கர் எம்மாத்திரம்?

வந்து கேட்டுப் பாருங்கள் என்றேன். எங்களுக்கு விளங்குமா என்றார்கள். அப்போது தலைவர் முன்னரே யோசித்து வைத்திருந்ததை வெளியே எடுத்தார். பரந்தன் பக்கத்தில் காணி வாங்கி இருக்கும் ஓய்வுபெற்ற றெயில்வே ஸ்ரேசன் மாஸ்டர் ஒருவர், ஆங்கிலத்திலேயே கனவு காண்கிறவர். அவரைக் கூட்டி வருவோம். அவர் கேட்டுச் சொல்லட்டும். அவளுடைய புருசன், என் மருமகன், அவனும் வந்திருக்கட்டும் என்றார்.

"பொய்யெண்டால் திறப்பைத் தந்திடு. உன்ரை அக்காவும் புருசனோடை பஸ் ஏறட்டும். பொய்க்கதை கேட்டுக் குழம்பின மனம் தானாத் தெளியும். உண்மையெண்டால், இனி அவளைப் பற்றி நான் வாய் திறக்கமாட்டன். என்ன சொல்லுறியள்?" என்று அப்புவைப் பார்த்துக் கேட்டார்.

அப்பு துண்டைத் தோளில் மாற்றிப் போட்டார். அதை எல்லோரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

என் அக்கா எங்கே வாழ்வது என்பதை ஒரு சிரிப்பு நாடகத்தின் மேல் ஏற்றி வைத்தார்கள். இதைவிட அசிங்கமான பந்தயம் ஒன்றை நான் கேள்விப்பட்டதில்லை. கூட்டம் முடிந்து வரும்போது, இதற்கு நீங்கள் சம்மதித்தீர்களா என்று அப்புவிடம் கேட்டேன். அவர் முன்னால் நடந்தார். அன்றிலிருந்து புதன்கிழமை வரை நான் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

புதன்கிழமை பொழுதுபடவே மண்டபம் நிறைந்துவிட்டது. ஸ்ரேசன் மாஸ்டருக்குத் தலைவரின் கதிரை. அவர் வெள்ளைக் காற்சட்டை போட்டு, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டார். மத்தியானம் தலைவர் வீட்டில்தான் சாப்பாடு. உடும்பிறைச்சிக் கறி என்று ஊருக்கே தெரியும். பக்கத்தில் அத்தான் புது வேட்டியோடு இருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் றேடியோவின் திருகுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெண்கள் ஒரு பக்கம். அக்கா எப்போதும் போலக் குடத்து நீரைக் கம்பியடியில் ஊற்றிவிட்டு வந்து கடைசி வாங்கில் இருந்தாள். அப்பு வாசல் மரக் கப்புத் தூணோடு சாய்ந்து, கையில் லாந்தரோடு நின்றார்.

அன்றைய கதை எப்படி அமைந்தது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் வியர்க்கிறது. மழை பெய்யும் சத்தம். கதவைத் தட்டுகிறார்கள். அவள் திறக்கிறாள். அவளுடைய கணவன் பெட்டியோடு நிற்கிறான். நான் வந்துவிட்டேன் என்கிறான். அவள், கால்களை மிதியடியில் துடையுங்கள் என்கிறாள். பிறகு போடிங்கின் சட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறாள். கிழமைக்கு ஒரு தரம் சுடுதண்ணீர்க் குளிப்பு. காலையில் ஒரு முட்டை. மாடிக்கு அபிப்பிராயங்கள் கொண்டுபோகக் கூடாது. அவன், நான் உன்னுடைய கணவன் அல்லவா என்கிறான். அவள் சொல்கிறாள், மன்னிக்க வேண்டும், இந்த வீட்டில் கணவன்மாருக்கு இடமில்லை, வாடகைக்காரனாக வருவதென்றால் பின்பக்கத்து அறை ஒன்று காலியாக இருக்கிறது.

லண்டன் வெடித்தது. நான் வாயைத் திறக்க முன்னரே கதிரையில் இருந்த ஸ்ரேசன் மாஸ்டரும் வெடித்தார். அடக்கப் பார்த்து, முடியாமல், தொடையில் தட்டி, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்கும் சிரிப்பு. அவர் சிரித்து முடிய நான் சொன்னேன், ஒன்றும் கூட்டாமல், ஒன்றும் குறைக்காமல்.  ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் கதிரையைப் பார்த்தார்கள்.

"மாஸ்டர், இவன் சொன்னது சரியோ?" என்று தலைவர் கேட்டார்.

ஸ்ரேசன் மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவர் தலைவரைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. தம்பிக்கு ஆங்கிலம் போதாது என்று மெல்லச் சொன்னார். இது ஒரு விதவையின் கதை. செத்துப்போன கணவனின் தமையன் மழைக்கு ஒதுங்க வந்து அறை கேட்கிறார். மிகவும் கண்ணியமான கதை.

அவ்வளவு படித்த மனிதர் அவ்வளவு இலகுவாகப் பொய் சொன்னதை நான் பார்த்தேன்.  பொய் என்று கத்தியிருக்க வேண்டும். பெரியவரைப் பொய்யர் என்று சொல்லப் பள்ளிக்கூடத்தில் எனக்குச் சொல்லித் தரவில்லை. தலைவர் கையை நீட்டினார், திறப்புக்கு.

அப்போது கடைசி வாங்கிலிருந்து அக்கா எழும்பினாள். அந்த மண்டபத்தில் ஆண்கள் இருக்கும் கூட்டத்தில் ஒரு பெண் எழும்பிக் கதைத்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மிக மரியாதையாகக் கேட்டாள்.

"ஐயா, செத்தவரின்ரை தமையன் மழையிலை நனைஞ்சுகொண்டு ஒதுங்க இடம் கேக்கிறார் எண்டுறியள். பாவம் மனிசன். அதுக்கு நீங்கள் ஏன் தொடையிலை தட்டிச் சிரிச்சனீங்கள்?"

றேடியோ தன் பாட்டில் கதைத்துக்கொண்டிருந்தது. பிறகு பெண்களின் பக்கத்தில் யாரோ ஒருத்திக்கு மூக்கால் சிரிப்பு வந்தது. அது மற்றவளுக்குத் தொற்றியது. சுவருக்கு வெளியே இருமல் கேட்டது. ஸ்ரேசன் மாஸ்டர், ஆங்கிலத்தில் சில விஷயங்கள் உங்களுக்கு விளங்காது பிள்ளை என்றார். ஓம், அதுதான் கேட்கிறேன் என்றாள் அக்கா. அவருடைய கண்ணாடி மறுபடி அழுக்காகிவிட்டது போலிருந்தது, துடைக்கத் தொடங்கினார்.

தலைவர் எழுந்து போய் றேடியோவின் கழுத்தைத் திருகுவது போலத் திருகி நிறுத்தினார். தீர்ப்புச் சொல்லியாயிற்று, பெட்டியைக் கட்டு என்று அக்காவிடம் சொன்னார். அத்தானும் எழும்பினார். எத்தனையோ வருடங்களில் அவர் பலர் முன்னால் வாய் திறந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"உந்த றேடியோக்காரியே உனக்கு இப்பிடிக் கதைக்கப் பழக்கினவள்?"

"அவ பழக்கேல்லை," என்றாள் அக்கா. "இதெல்லாம் உங்கடை வீட்டிலை மூண்டு வருசமா என்ரை வாய்க்குள்ளை இருந்தது. கேக்க ஆள் இல்லை. நீங்கள் பக்கத்திலைதான் இருந்தனீங்கள்."

அத்தான் தன் மாமனைப் பார்த்தார். மாமன் அப்புவைப் பார்த்தார். முடிவு அங்கேதான் இருந்தது. எல்லோருக்கும் அது தெரியும். அப்பு ஓம் என்று ஒரு தலையசைப்பு அசைத்திருந்தால் அவள் அன்றிரவே பெட்டியைக் கட்ட வேண்டி வந்திருக்கும். நானும் அப்புவைப் பார்த்தேன். அவர் மேல் எனக்கு அப்போது இருந்த வெறுப்பை இங்கே எழுதாமல் விட முடியாது. அவர் லாந்தரின் திரியைக் கொஞ்சம் ஏற்றினார்.

"வா பிள்ளை, வீட்டை போவம்," என்றார்.

எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை. அவர் முன்னால் நடக்க அக்கா பின்னால் நடந்தாள். நான் திறப்பை மேசைமேல் வைத்துவிட்டுப் போனேன்.

தலைவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர் அல்ல. உண்மையென்றால் வாய் திறக்க மாட்டேன் என்றவர், வாயை மூடவே இல்லை. றேடியோ பாதுகாப்புக்காக அவர் வீட்டுக்குப் போனது. அந்த மாத முடிவில் சங்கக்கடைக் கணக்கு எழுத அவருடைய உறவுப் பையன் ஒருவன் வந்தான். என்னை நிற்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை, எனக்கு இருக்க இடம் மட்டும் இருக்கவில்லை. ட்ரக்டரும் இனி வராது என்று சொல்லி அனுப்பினார். எல்லாவற்றையும்விட மோசமானது அரிவு வெட்டில் செய்தது. எங்கள் பக்கத்தில் கைமாற்றாகத்தான் வெட்டு நடக்கும்: இன்று நாங்கள் உங்கள் வயலில், நாளை நீங்கள் எங்கள் வயலில். கூலி இல்லை, சாப்பாடு மட்டும். நாங்கள் மூவரும் அந்தப் போகம் ஆறு வீட்டுக்காரரின் வயலில் முதுகு முறிய வெட்டிக் கொடுத்திருந்தோம். எங்கள் முறை வந்த அன்று விடிய, அக்கா பெரிய பானையில் சோறு ஆக்கி வைத்தாள். ஒருவரும் வரவில்லை.

சோற்றை மாட்டுக்கு வைத்தோம். நாங்கள் மூன்று பேரும் வெட்டினோம். முற்றிய கதிர் தலை சாய்ந்து, மணி உதிரத் தொடங்கியிருந்தது. வயல் வரம்பால் போனவர்கள் எங்களைப் பார்க்காமல் போனார்கள். அவர்களில் ஒருவரின் வயலில் போன கிழமைதான் என் கை வெட்டுப்பட்டது. காயத்தில் கட்டிய துணி அப்போதும் இருந்தது. அதைத் தூக்கிக் காட்ட வேண்டும் போலிருந்தது. அப்பு, "குனிஞ்சு வெட்டு," என்றார்.

மறுநாள் வெயில் ஏற, நாலு பெண்கள் கதிர் அறுக்கும் தாக்கத்தியோடு வரம்பில் வந்தார்கள். புதன்கிழமைப் பெண்கள். அவர்களுடைய ஆண்கள் வரவில்லை. அன்றைக்கு மண்டபத்தில் சிரித்துவிட்டு, அதன்பின் கிணற்றடியில் அக்காவைக் கண்டும் காணாதவர்கள் போலப் போனவர்கள்தான் இவர்கள். எனக்கு அவர்களோடு கதைக்க மனம் வரவில்லை. என்ன இப்போதுதான் வழி தெரிந்ததோ என்று கேட்கவும் வாய் வந்தது. அக்கா என்னைப் பார்த்த பார்வையில் அடங்கினேன். அவள் வாருங்கள் என்றும் சொல்லவில்லை. அவர்கள் ஆளுக்கொரு பக்கம் இறங்கிக் குனிந்தார்கள்.

 பிறகு முன்வாங்குப் பெண், முதுகில் அடித்துச் சிரிக்கிறவள், நிமிராமலே என்னைக் கேட்டாள், "தம்பி, அவன் பின்னறையை எடுத்தவனே?"

எனக்குத் தெரியாது என்றேன். தலைவர் நிறுத்திவிட்டாரே, அதன்பின் றேடியோவும் இல்லையே, தெரியாத ஒன்றை நான் எப்படிச் சொல்வது என்று கோபத்தோடு சொன்னேன்.

"எடுத்தவன்," என்றாள் அக்கா.

எல்லோரும் நிமிர்ந்தார்கள். அவள் நெற்கதிரை அள்ளிப் பிடித்து வெட்டிக்கொண்டே சொன்னாள். "ஒரு கிழமை இருந்தவன். வாடகை கேக்க, தான் புருசன் எண்டவன். அப்ப அவ, புருசனுக்கு இஞ்சை இடமில்லை எண்டு முதலிலேயே சொன்னனானே எண்டு பெட்டியைத் தூக்கி வெளியிலை வைச்சிட்டா."

அவள் ஒரு சொல் ஆங்கிலம் அறியாதவள். இது அந்த நாடகத்தில் இருந்திருக்காது என்று திருத்த எனக்கு வாய் உன்னியது. பெண்கள் ஏற்கெனவே சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கதிர்க்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டு நின்ற அப்பு, அந்த ஒரு புதன்கிழமை தவிர றேடியோ கேட்க மண்டபத்துக்கு வராத மனிதர், திரும்பிப் பார்த்தார்.

"மழைக்குள்ளையோ பெட்டியை வைச்சவ?" என்று கேட்டார்.

"இல்லை அப்பு," என்றாள் அக்கா. "பெட்டியைத் தாவாரத்திலைதான் வைச்சவ. ஆளைத்தான் மழையிலை விட்டவ."